கிணற்றடி நீலம்

இராஜாக்கமங்கலம்,
17 ஜூலை 2011, ஞாயிறு.

அன்புள்ள அக்கா,

பூவில்லாத ஐரிஸ் செடியின் கிழங்கை மட்டும் பார்த்து, அது நீலமா மஞ்சளா என்று சொல்ல முடியுமா? தாவரவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. கர்த்தரின் கிருபையால் நான் நலம், வீடு நலம், கிணற்றில் தண்ணீரும் நலம். ஜின்சியும் குழந்தையும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். முழுவதும் படித்து முடிக்கும்வரை நீயும் கூப்பிடாதே.

நீ மகளைப் பார்க்கப் பெங்களூருக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "தண்ணி மட்டும் ஊத்து, மண்ணத் தொடாத" என்று இரண்டு முறை சொன்னாய். நான் தொட்டுவிட்டேன். கிணற்றடி வரிசை ஞானதாசன் அத்தான் மலைத்தோட்டத்தில் வேலை பார்த்தபோது கொண்டுவந்த நீலம். மதிலோர வரிசை நான் வாங்கி வைத்த மஞ்சள். இரண்டும் இரண்டு வருடமாகப் பூக்கவில்லை. அத்தான் போன வருத்தம் என்று நீ சொன்னாய், இடநெருக்கடி என்று நான் சொன்னேன், மஞ்சளுக்கு எதற்கு வருத்தம் என்றும் கேட்டேன், நீ அன்று சாப்பிடவில்லை. நீ வரும்போது பூத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டு, தென்னை மூட்டில் மண் கொத்த வந்த பொன்னுலிங்கத்தை வியாழக்கிழமை கிழங்குகளைத் தோண்டிப் பிரிக்கப் பிடித்துக்கொண்டேன். கிணற்றடிக் கிழங்கை இடப்பக்கம் போடு, மதிலோரத்தை வலப்பக்கம் போடு என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, இலைகளை ஒரு சாண் விட்டு நறுக்கக் கத்தரிக்கோல் எடுக்க உள்ளே போனேன், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, குடையைத் தேடி எடுத்து வந்து பார்த்தால் அவர் எல்லாவற்றையும் ஒரே சிமெண்ட் தொட்டியில் போட்டு அலசிக்கொண்டிருக்கிறார். "மண்ணு ஒரு பொட்டு இல்ல டீச்சரே, பாத்தியளா? பொன்னு மாதிரி இருக்கு." உண்மைதான். அறுபத்து மூன்று கிழங்குத் துண்டுகளும் பொன் மாதிரியே இருந்தன, ஒன்று போல இருந்தன.

முகர்ந்து பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடைசியில் குத்துமதிப்பாகக் கொஞ்சத்தைக் கிணற்றடியிலும் கொஞ்சத்தை மதிலோரத்திலும் நட்டேன். மீதி இருபதை வாசலில் அடுக்கி, "தேவைப்படுவோர் எடுத்துக்கொள்ளலாம்" என்று அட்டையில் எழுதி வைத்தேன். இரண்டு நாளாக ஒருவரும் தொடவில்லை. எதிர்வீட்டு விக்டோரியா மட்டும் நின்று அட்டையை வாசித்தாள். "வேணும்னா எடு" என்றேன். "தந்தா வேரு பிடிக்காது டீச்சரே. செடின்னா களவாண்டு வைக்கணும், பாத்தும் பாக்காத மாதிரி இருக்கணும். நீங்க போர்டு எழுதி வச்சா எவ எடுப்பா?" என்றாள். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். "எனக்க வீட்டுல எல்லாம் பூக்குல்லா, அதுதான் ஆதாரம்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். இன்று காலை நான் ஆராதனை முடிந்து வருகிறேன், வாசலில் இருபதும் வைத்தபடி இருக்கின்றன, கிணற்றடியில் நட்டவற்றில் பதினொன்றைக் காணோம். பதினொரு குழிகள், அக்கா, சுத்தமாக, விரலால் தோண்டியவை. போன பதினொன்றில் அத்தானின் நீலம் எத்தனை, எல்லாமே அதுதானா, எனக்குத் தெரியாது. உனக்கு அவர் நட்டுவிட்டுப் போனதில் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான், அதையும் நான் படிப்பு இருக்கிற தைரியத்தில் தொலைத்துவிட்டேன்.

ஜின்சிக்கும் மருமகனுக்கும் என் அன்பு. குழந்தையைக் கர்த்தர் நல்ல சுகத்தோடு காக்கட்டும். செடி கொடியை என் பொறுப்பில் விடாத புத்தியையும் அவளுக்குத் தரட்டும்.

உன் கோபத்தைத் தலைகுனிந்து ஏற்கும்,
ராகேல்

பி.கு. திங்கள், 18 ஜூலை. தபாலாபீஸ் போகும் வழியில் பதினொன்றைப் பற்றி விக்டோரியாவிடம் கேட்டுவிடலாம் என்று போனேன். எதிரெதிரே இத்தனை வருடம் இருந்தும் அவள் வீட்டின் முன்வாசலை நான் தாண்டியதில்லை. "அத எடுத்தது நான் இல்ல. யாருன்னு சொன்னா செடி பட்டுப்போவும்" என்றவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் கூட்டிப்போனாள். மீன் கழுவும் கல்லை ஒட்டி இடுப்பளவு புதர், அதில் ஒன்பது பூக்கள், அத்தனையும் நீலம்.

"மூணு வருசம் முன்ன உங்களுக்க அத்தான்கிட்டதான் கேட்டேன். கேட்டா தரமாட்டேன், நான் காப்பி குடிக்க உள்ள போறேன்னு சொல்லிட்டுப் போனாரு. போயி, ஜன்னலு வழியா சிரிச்சிட்டு நின்னாரு."

எனக்கு ஒரு துண்டு வேண்டும் என்றேன். விக்டோரியா "அடுப்புல பாலு இருக்கு" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பு பின்பக்கத் திண்டில்தான் இருந்தது, அதில் பாலும் இல்லை. நாற்பத்தெட்டு வயதில், கையில் இந்தக் கடிதத்தோடு, நல்ல புடவையில் மண்ணில் முட்டி போட்டு ஒரு கிழங்கைப் பிடுங்கினேன். குடைக்குள் மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன், கிணற்றடிக் குழியில் நட்டேன். வாசலில் இருந்த அட்டையையும் எடுத்துவிட்டேன்; மத்தியானத்துக்குள் இருபதும் போய்விட்டன.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் நீ வந்ததும் விக்டோரியாவிடம் நன்றி எதுவும் சொல்லிவிடாதே.