சர்க்கரை இறக்கிய சாமியார்

கோட்டுச்சேரிமேட்டில் ஒரு சாமியார் முளைத்தாலும் முளைத்தார், காரைக்கால் பக்கம் சர்க்கரை வியாதியே ஒழிந்தது என்று ஒரே பேச்சு! பூவத்திலிருந்தும் ஆள், சுரக்குடியிலிருந்தும் ஆள். ஆளுக்கொரு கொட்டாங்கச்சி. உள்ளே அவரவர் சிறுநீர். வேறென்ன, அபிஷேகப் பாலா?

நீலகண்ட சாமியார் கொட்டாங்கச்சியைத் தரையில் வைப்பார். எறும்பு மொய்க்கும். நோயாளி தீர்த்தம் குடித்ததும், மிச்சச் சிறுநீரை விபூதிக் கோலத்துக்குள் வைப்பார். ஓர் எறும்பு அண்டாது. "சர்க்கரை இறங்கிடுச்சு!" கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். குடித்தது வாய், குணமானது கொட்டாங்கச்சி! எப்படி என்று ஒருவராவது கேட்க வேண்டுமே?

சுரக்குடி ராசாத்தியும் கேட்கவில்லை. அவள் மகள் செல்லம் பள்ளிக்கூடம் போகிற பெண். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், ஓயாமல் கொல்லைக்கு ஓடினாள், எவ்வளவு தின்றும் எலும்பும் தோலுமானாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி என்று சொல்லி, தினமும் இன்சுலின் ஊசி போடச் சொன்னார்கள். சர்க்கரை என்பது அண்ணன் கருப்பையன் மாதிரி தொப்பை வைத்தவர்களுக்கு வருவதல்லவா? ஒல்லிப் பிள்ளைக்கு எப்படி வரும்? ஊசிக்கு அழுகிற பிள்ளையை ராசாத்தியால் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலை ஊசி போடாமல் மகளைச் சாமியாரிடம் கூட்டி வந்தாள். செல்லம் தீர்த்தம் குடித்ததும் கோலத்துக்குள் அவள் கொட்டாங்கச்சியையும் எறும்பு அண்டவில்லை.

"ஊசியக் கடல்ல வீசிடு தாயி," என்றார் சாமியார்.

"நில்லு ராசாத்தி!" வெல்ல மண்டி கருப்பையன் மூச்சு வாங்க ஓடி வந்தார். "எனக்கு வந்தது வேற, இவளுக்கு வந்தது வேற. என் உடம்புல இன்சுலின் சுரக்குது, சரியா வேலை செய்யல. மாத்திரை, வாய்க்கட்டுன்னு ஓட்டுறேன். இவளுக்குச் சுரக்கவே இல்ல. ஊசிய நிறுத்துனா பிள்ள பொழைக்காதுடி!"

"அப்ப எறும்பு ஏண்ணே வரல?"

கருப்பையன் மடியிலிருந்து அச்சுவெல்லம் எடுத்தார். சர்க்கரை வியாதிக்காரர் மடியில் வெல்லம் ஏன் என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை. கோலத்துக்குள் வைத்தார். எறும்புகள் கோடு வரை வந்தன, திரும்பின.

"என்னங்க சாமி, வெல்லத்துக்கும் சர்க்கரை இறங்கிடுச்சா?"

"விபூதி மகிமையப்பா!"

"அப்ப ஒரு சிட்டிகை வாயில போட்டுக்குங்க."

சாமியார் வாயை இறுக மூடிக்கொண்டார். கருப்பையன் குனிந்து மோந்து பார்த்தார். "எறும்புப் பொடி! மண்டியில தெனம் தூவுறவன், எனக்கா தெரியாது?"

சாமியார் கடலோரமாக ஓட்டம் பிடித்தார். கூட்டம் துரத்தியது. சிலர் மட்டும் தீர்த்தச் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்கள், மிச்சம் இருக்குமா என்று! மகளை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ராசாத்தி அவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"எறும்பு நின்னு யோசிச்சுத் திரும்பிடுச்சு. நமக்கு அந்தப் புத்திகூட இல்லாமப் போச்சே!"