சீமெந்தின் தலைசிறந்த பன்னிரண்டு

ஹெவி மெட்டல் இசையைச் சங்க யாப்புவிதி, ஆண்டறிக்கை, நன்றியுரை ஆகிய மூன்றோடும் வளர்த்து வருகிற ஒரே நிலப்பரப்பு இந்தப் பூமியில் யாழ்ப்பாணக் குடாநாடுதான். மற்ற நாட்டார் தலைமயிரை வளர்த்தார்கள்; நாங்கள் இரசிகர் ஒன்றியம் வளர்த்தோம். அந்த ஒன்றியத்தின் விளம்பரச் செயலாளர் என்ற முறையில் நான் ஆற்றிய மிகப் பெரிய பணி, எங்கள் பாடகரை உயிரோடு சாகடித்தது.

நடந்தது இதுதான். காங்கேசன்துறை ஜெனுஷன் தன் 'சீமெந்து' இசைக்குழுவோடு 2011 முதல் 2019 வரை பாடியவற்றில் தலைசிறந்த பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து இசை இறுவட்டாக வெளியிடுவதென்று ஒன்றியம் தீர்மானித்தது. எந்தப் பன்னிரண்டு என்பதைச் சுழலும் சொற்போர் வைத்து முடிவு செய்வதென்றும் தீர்மானித்தது. சுவரொட்டி என் பொறுப்பு. ஜெனுஷன் கறுப்புப் பின்னணியில் கண்ணை மூடித் தலை குனிந்து நிற்கும் படம், "காலத்தால் அழியாத குரல்" என்ற வாசகம், "2011 – 2019" என்ற காலப்பகுதி, மூன்றையும் வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

எங்கள் ஊர் அச்சகத்துக்குக் கறுப்புப் பின்னணியில் கண்மூடிய மனிதர் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் வருவார். அவர்கள் மேலே "கண்ணீர் அஞ்சலி" என்று போட்டு, இரு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி, "மலர்வு 2011, உதிர்வு 2019" என்று திருத்தமாக அடித்து, சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார்கள். நான் சொற்போருக்கான என் உரையை மெருகூட்டிக்கொண்டிருந்தேன். பார்க்காமலே கட்டைவிரலை உயர்த்தி அனுப்பிவிட்டேன். எட்டு வயதில் இறந்த பிள்ளைக்கு நெஞ்சு வரை தாடி எப்படி என்று எவருக்கும் சந்தேகம் வரவில்லை. கொக்குவிலிலிருந்து சாவகச்சேரி வரை இருநூறு சுவரொட்டி ஒட்டியாயிற்று.

முதல் தொலைபேசி அழைப்பு ஜெனுஷனின் தாயார் நேசமலர் அன்ரியிடமிருந்து வந்தது.

"தம்பி, வாசலிலை போதகர் நிக்கிறார். அவருக்குப் பின்னாலை வாடகைக் கதிரைக்காரன் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினிலை, செத்தவீட்டுக்கெண்டு நூறு கதிரையோடை நிக்கிறான். உள்ளுக்கை இவன் புட்டுத் தின்னுறான். நான் ஆருக்கு என்ன சொல்ல?"

நான் ஆழ்ந்த கவலையைத் தெரிவித்தேன். எதற்காக என்று தெளிவாகச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றியம் இதனால் அடைந்த வளர்ச்சியை மறைக்க முடியாது. சீமெந்தின் பாடல் ஒன்றையேனும் கேட்டிராதவர்கள்கூட "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று முகநூலில் எழுதினார்கள். ஞாயிறு பின்னேரம் கொக்குவில் மண்டபத்தில் வழமையான நாற்பது பேருக்குப் பதிலாக எண்பது பேர். தலைவர் பரமலிங்கம் ஐயா, ஓய்வுபெற்ற உப அதிபர். அறுபது கடந்த தலைவர் இல்லாத சங்கம் எங்கள் மண்ணில் சங்கமே அல்ல. காதுக்கு ஆகாது என்று வைத்தியர் தடுத்துவிட்டதால் ஐயா இவ்விசையை ஒருமுறையும் கேட்டதில்லை. ஆகவே அவருடைய நடுநிலை பூரணமானது.

முதல் நிகழ்ச்சி ஒரு நிமிட மௌன அஞ்சலி. அதன் நடுவில் கதவைத் திறந்துகொண்டு, தோளில் கிற்றாரோடு ஜெனுஷன் உள்ளே வந்தான்.

"ஐயா, நான்..."

"தம்பி, இன்னும் இருபது செக்கன் இருக்கு. அப்பிடியே நில்லும்," என்றார் தலைவர்.

ஜெனுஷன் தன் ஆத்ம சாந்திக்காக இருபது செக்கன் தலை குனிந்து நின்றான். முடிந்ததும் சொன்னான்:

"ஐயா, நான் சாகேல்லை. அதைச் சொல்ல மட்டும் வரேல்லை. புதுப் பாட்டு ஒண்டு செய்திருக்கிறன். உந்தப் பன்னிரண்டிலை ஒண்டைக் கழிச்சுப்போட்டு இதைப் போடுங்கோ. இதுவும் ஒருத்தருக்கும் வேண்டாமெண்டால், நான் இனிக் கிற்றாரைத் தொடமாட்டன். கூரையளிலை சோலர் பூட்டுற வேலையோடை நிண்டிடுவன்."

"நிகழ்ச்சி நிரலிலை உது இல்லையே. 'ஏனைய விடயங்களிலை' பாப்பம். இரும்."

சொற்போர் தொடங்கியது. முற்கால அணிக்குப் பிறேம்; அவன் சீமெந்தின் படம் போட்ட ரீசேட்டைத் தவிர வேறெதுவும் உடுப்பதில்லை. பிற்கால அணிக்கு ஷாமினி, ஒன்றியத்தின் ஆய்வாளர்.

"2014க்குப் பிறகு உவன் பாடினது சீமெந்தில்லை, வெறும் மணல்!" என்று பிறேம், முன்வரிசையில் இருந்த ஜெனுஷனைக் காட்டி முழங்கினான்.

"முதல் பாட்டுகளிலை ஒரு சொல்லெண்டாலும் விளங்குதோ?" என்றாள் ஷாமினி.

"விளங்கினால் பேந்தென்ன மெட்டல்?"

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. பிறகு 'உவர்க்கிணறு' பாடலின் மூன்றாவது நிமிடத்தில் வரும் உறுமல் எடுத்துக்கொள்ளப்பட்டது. அது ஒரு தலைமுறையின் கோபம் என்றான் பிறேம். அது வெறும் சளித் தடிமன் என்றாள் ஷாமினி. நான் எழுந்து, அது கோபத்தால் வந்த தடிமன் என்பதைப் பதினாலு நிமிடத்தில் நிறுவினேன். ஜெனுஷன் கையை உயர்த்தினான்.

"படைப்பாளி தன்ரை படைப்பைப் பற்றிக் கதைச்சால் நடுநிலை கெட்டுப்போம். கையை இறக்கும்," என்றார் தலைவர்.

வாக்கெடுப்பில் பன்னிரண்டும் தெரிவாகின.

"ஐயா, அதிலை ரெண்டு பாட்டு என்ரை இல்லை," என்றான் ஜெனுஷன்.

"பெரும்பான்மையாலை தெரிவாகியிட்டுது, தம்பி."

"அப்ப அந்த ரெண்டையும் எடுத்துப்போட்டு..."

ஷாமினி பதறி எழுந்தாள். "தம்பி, குறை நினையாதையும். உம்மடை இறுதிக்காலத்தைப் பற்றிப் பதினொரு பக்கக் கட்டுரை எழுதி, இறுவட்டு மட்டைக்குள்ளை வைக்க அச்சடிச்சாச்சு. நீர் இப்ப புதுசா ஒண்டைப் பாடினால் என்ரை இறுதிக்காலம் என்னாகிறது?"

"அவ சொல்லுறது சரி," என்றான் பிறேம். இரு அணியும் ஒன்றுபட்ட அப்புனிதக் கணம் அறிக்கைப் புத்தகத்தில் பதியப்பட்டது. புதுப் பாட்டு, இறுவட்டில் சேராமல், சிற்றுண்டி வேளையில் மூன்று நிமிடம் 'அனுமதிக்கப்பட்டது'.

ஜெனுஷன் மூலையில் போய் வயரைச் செருகினான். நான் ரோல்ஸ் வரிசையில் பிறேமுக்குப் பின்னால் நின்றேன்.

"பிறேம், நீர் சீமெந்தை மேடையிலை கடைசியாக் கேட்டது எப்ப?"

"அது விரிவாக் கதைக்கவேண்டிய விசயம் அண்ணை."

ஷாமினியைக் கேட்டேன்.

"'கேக்கிறது' எண்டதை நீங்கள் எப்பிடி வரையறுக்கிறியள்?"

"எண்டாலும் பழைய மாதிரி இல்லை," என்றான் பிறேம், வாய் நிறைய ரோல்ஸோடு. ஜெனுஷன் அப்போதுதான் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

பாட்டு தொடங்கியது. வெறுங்கூரையில் நின்று வெயிலைத் திட்டும் ஒருவனின் குரல். தாழத் தொடங்கி, ஏறி, தேத்தண்ணிக் கோப்பைகள் தட்டோடு நடுங்க நின்றது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது, விளங்கியதால் வலித்தது. சத்தம் மின்விசிறியிலிருந்து வருகிறதென்று எண்ணித் தலைவர் அதை நிற்பாட்டச் சொன்னார். எண்பது பேரும் 'உவர்க்கிணறு' பற்றி உரத்துக் கதைத்தார்கள். என் கையில் ரோல்ஸ் ஆறிப்போயிற்று.

முடிந்தது. கைதட்டியது நான் ஒருவன். அதுவும் ஒரு கையில் ரோல்ஸ் இருந்ததால் சரியாகச் சத்தம் வரவில்லை. ஜெனுஷன் வயரைச் சுற்றத் தொடங்கினான். மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றியத்தின் முழுக் கம்பீரத்தோடும் கேட்டேன்:

"தம்பி, இவ்வளவு இரசிகர் உமக்கு இருக்கேக்கை, 2019க்குப் பிறகு ஏன் ஒரு மேடையிலும் ஏறேல்லை?"

"ஏறினனான் அண்ணை. போன ஐப்பசி, சாவகச்சேரியிலை. முழுக்கப் புதுப் பாட்டு. நாலு பேர் வந்தவை. ரெண்டு பேர் ஒலிபெருக்கிக்காரர், ஒராள் அம்மா, மற்றவர் மழைக்கு ஒதுங்கினவர்."

"எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

அவன் சுற்றுவதை நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"உங்களுக்குத்தான் அண்ணை சொன்னனான். நீங்கள்தான், அண்டைக்கு என்ரை பழைய பாட்டுகளைப் பற்றிக் கூட்டம் இருக்கு, ஒருத்தருக்கும் வர ஏலாது எண்டனீங்கள்."