நண்பருக்காகக் கேட்பவர்

தனக்கென்று எதையும் கேட்காத உத்தமர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாக்டர் அறைக்குள் நுழைந்து, சாத்திய கதவையே இன்னொரு முறை சாத்தி, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெயிலையும் பெட்ரோல் விலையையும் திட்டி முடித்து, கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு நண்பர் இருக்கார்..." என்று தொடங்குவாரே, அவரேதான்.

கார் ஓட்டக் கற்றுத்தரும் நம் மாஸ்டர் இந்த இனம். ஊராரின் பயத்தையெல்லாம் தெளிய வைப்பவர். அவருடைய 'நண்பர்' மட்டும், படுக்கையறையில் நேர்ந்த இரண்டொரு தோல்விக்குப் பிறகு, முதுகுவலி என்று சொல்லி முன்னறை சோபாவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

"நண்பருக்குச் சர்க்கரை, பிரஷர் ஏதாவது?" என்றார் டாக்டர்.

"தெரியலையே சார்."

"பல நேரம் அதுங்கதான் பின்னால ஒளிஞ்சிட்டு இருக்கும். அவர் கையைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். நட்புக்காகத் தன் சட்டைக் கையை மடித்துவிட்டார். நண்பருக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது.

"வேற மருந்து ஏதும் சாப்பிடறாரா?"

"சேச்சே."

டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேராக நாட்டு வைத்தியரிடம். அவரும் நண்பரின் நாடியை மாஸ்டரின் மணிக்கட்டில் பிடித்துப் பார்த்து, தூக்கம், கவலை எல்லாம் விசாரித்து, லேகியம் கொடுக்குமுன் கேட்டார்: "இங்கிலீஷ் மருந்து எடுக்கிறாரா தம்பி?"

"சேச்சே."

இருவரும் சொன்ன இன்னொன்று: "அடுத்த தடவை நண்பரோட வீட்டுக்காரியையும் கூட்டிட்டு வாங்க." அதுதானே முடியாது?

மாத்திரையும் லேகியமும் ஒரே வயிற்றில் சந்தித்துக்கொண்டன. பாடத்தின் நடுவே மாஸ்டருக்குத் தலை சுற்ற, நேற்றுத்தான் கியர் போடக் கற்ற மாணவி அவரை வீட்டில் கொண்டு சேர்த்தாள். அவர் சட்டையைக் கழற்றிவிட்ட மனைவியின் கையில் ஒரு பையிலிருந்து லேகிய டப்பாவும் மறு பையிலிருந்து மாத்திரையும் வந்தன.

"யாரோடதுங்க இது?"

"ஒரு நண்பரோடது."

அவள் டப்பாவை மூடி வைத்தாள். "அந்த நண்பரோட பொண்டாட்டி ஒண்ணு கேக்கச் சொன்னா. அவளைப் பிடிக்காமத்தான் அவர் சோபாவுக்குப் போயிட்டாரான்னு."

மாஸ்டர் பதறி எழுந்தார். "அய்யோ, இல்லம்மா. அவன் பயந்துட்டான்."

"இவ்வளவுதானா? நான் கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பாத்துட்டு இருந்தேன்."

மறுநாள் டாக்டர் மேசையில் மாத்திரையும் லேகியமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, எதிரே கணவனும் மனைவியும். "நண்பர் வரலையா?" என்றார் டாக்டர். "வந்திருக்கார்" என்றாள் மனைவி. லேகியத்துக்கு அப்போதைக்கு ஓய்வு. முதுகுவலி அன்றைக்கே தீர்ந்துவிட்டது. மற்றதற்குக் கொஞ்சம் நாளாகுமாம். ஆகட்டும், சோபா காலிதான்.

நீங்களும் இதை ஒரு நண்பருக்குக் காட்டலாமென்று பக்கத்தின் ஓரத்தை மடிக்கிறீர்கள் போலிருக்கிறது. தாராளமாக மடியுங்கள். அப்படியே சட்டைக் கையையும் மடித்துக்கொள்ளுங்கள்.