இருபத்துமூன்று பழங்காசும் ஒரு நிய்யத்தும்

சாய்ந்தமருது
12.03.2026

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் ஷிப்லிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கத்தாரில் நீ நோன்பும் தொழுகையுமாக நலமாக இருக்க துஆச் செய்கிறேன். இங்கு நான் நலம், மகள் பஸ்மிலா நலம், சென்ற மாதம் வாங்கிய கிறைண்டரும் நலம். என் மனைவியும் உன் மூத்த சகோதரியுமான றாஹிலா மிக மிக நலம். அந்த நலத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வட்ஸ்அப் இருக்கும்போது கடதாசி எதற்கு என்று நீ சிரிப்பாய். என் போனின் கடவுச்சொல் றாஹிலாவின் பிறந்த திகதி. அதை மாற்றினால், ஏன் மாற்றினேன் என்று தனியாக விளக்கம் சொல்ல வேண்டிவரும். ஆகவே சனிக்கிழமை அங்கு வரும் நஜீமின் பெட்டியில், சாரத்துக்கும் சம்பல் போத்தலுக்கும் நடுவில் வைத்து இதை அனுப்புகிறேன்.

சென்ற ஜூனில் நான் பழைய நாணயம் சேர்க்கத் தொடங்கிய கையோடு, வங்கியில் வேலை செய்கிறவன் என்ற உரிமையில் எனக்கு ஒரு பட்ஜெட் அனுப்பினாய் அல்லவா? மாதம் நாலாயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒன்றை வாங்கினால் ஒன்றை விற்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். அல்லாஹ் அறிவான், நான் அதிலிருந்து ஒரு சதமும் விலகவில்லை. மாதம் நாலாயிரம்தான். ஆனால் எந்த மாதத்து நாலாயிரம் என்று நீ எழுதவில்லை. ஜூனிலேயே ஜூலையின் காசை எடுத்தேன், ஜூலையில் காசில்லாததால் ஓகஸ்டையும் செப்டெம்பரையும் எடுத்தேன், பிறகு மாதங்கள் கண்மண் தெரியாமல் ஓடின. இன்றைக்கு நான் 2027 செப்டெம்பர் மாத ஒதுக்கீட்டைச் செலவழித்து முடித்திருக்கிறேன். இருபத்தெட்டு மாதம், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய், இருபத்துமூன்று நாணயம். விலைவாசி ஏறிக்கொண்டே போகும் என்று நீதானே சொல்வாய்? அப்படியானால் 2027இன் காசை இப்போதே செலவழித்தது லாபம் இல்லையா?

ஒன்றை வாங்கினால் ஒன்றை விற்கும் விதியையும் கடைப்பிடித்தேன். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் பழைய சாமான் கடை வைத்திருக்கும் றெமிஜியசிடம் நாலாயிரத்துக்கு வாங்கிய பொலன்னறுவைச் செப்புக்காசை அவரிடமே விற்கப் போனேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சேர், இதத் தேச்சுக் கழுவிப்போட்டீங்க. கழுவின காசுக்கு ஆள் இல்ல" என்று சொல்லி அறுநூறு ரூபாய் தந்தார். இரண்டு கிழமை கழித்து, "உங்களுக்கெண்டே ஒரு காசு ஒளிச்சு வெச்சிரிக்கன்" என்றார். தங்கம் போல் மினுங்கியது. நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஓரத்தில் பஸ்மிலாவின் நகப்பூச்சால் நான் முன்பு வைத்த சிவப்புப் புள்ளி! ஒலுவில் தொடக்கம் மருதமுனை வரைக்கும் ஒரே நாணயத்தை இரண்டு தடவை வாங்கிய சேகரிப்பாளன் நான் ஒருவன்தான். றாஹிலாவிடம், இது கிடைப்பதற்கே அரியது என்று சொன்னேன். எனக்குத்தானே தெரியும் அந்த அருமை.

இனி நான் செய்த குற்றத்துக்கு வருகிறேன். முப்பத்திரண்டு வருடம் அரச ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவன் ஆகையால் என்னிடம் மாத்திரை போடும் சின்னக் கடதாசி உறைகள் கட்டுக் கட்டாக மிஞ்சிக் கிடந்தன. நாணயங்களை அவற்றில்தான் போட்டு வைப்பேன். ஒவ்வொரு உறை வரும்போதும் றாஹிலா இரண்டே கேள்வி கேட்பாள். "எவ்வளவு குடுத்த?" "எவ்வளவு பெறும்?" ஐயாயிரம் கொடுத்திருந்தால் ஐந்நூறு என்பேன். பெறுமதி ஐம்பதாயிரம் என்பேன். விலையில் எடுத்த பூச்சியத்தைப் பெறுமதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன், ஒரு பூச்சியத்தையும் நான் வீணாக்கியது கிடையாது. அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "எல்லாம் பஸ்மிலாட வீட்டுக்குத்தான்கா. விக்கிற நேரம் வித்து மேல் கொங்கிறீட்டப் போட்டுருவம்" என்றும் சொல்லிவைத்தேன். பெண்ணுக்கு வீடு கட்டி முடிக்காமல் நம் ஊரில் மாப்பிள்ளை வாசற்படி மிதிக்கமாட்டார் என்பது உனக்குத் தெரியாததா? நானே உன் உம்மா றாஹிலாவுக்குக் கட்டிய வீட்டில்தானே முப்பது வருடமாகக் காலாட்டிக்கொண்டு இருக்கிறேன். பஸ்மிலாவின் நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு. வீடு இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த நேரம் பார்த்து றெமிஜியசிடம் ஒரு சேது நாணயம் வந்தது. யாழ்ப்பாணத்து அரசர்கள் அடித்தது. படுத்திருக்கும் மாடு, அதன் கீழே 'சேது' என்ற எழுத்து. மச்சான், தமிழில் எழுதிய காசு! அந்த மாட்டைப் பார்த்தால் இப்போதுதான் வைக்கோல் தின்றுவிட்டுப் படுத்ததுபோல் இருக்கும். படம் எடுத்துவந்து பஸ்மிலாவுக்கும் காட்டினேன். விலை இருபத்தெட்டாயிரம். பெருநாள் வரைக்கும் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று றெமிஜியஸ் கையடித்துத் தந்தார். 2028 ஏப்ரல் வரையுள்ள காசை ஓய்வூதியத்தில் பிடித்துப் பிடித்து ஒரு பழைய தேமாமீற்றர் பெட்டிக்குள் சேர்த்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தால், வீட்டு விறாந்தையில் சரீப் மௌலவி உட்கார்ந்திருக்கிறார். எதிரில் றாஹிலா, மடியில் ஒரு டயறி. பஸ்மிலா கதவு நிலையில் சாய்ந்து நிற்கிறாள்.

"ஹஸ்ரத், இவர்ட காசெல்லாம் நான் எழுதி வெச்சிரிக்கன்" என்று தொடங்கினாள் உன் சகோதரி. "அவர் சொன்ன பெறுமதிதான். கூட்டினா பதினொரு லெச்சத்தி இருபதாயிரம். நாப்பதில ஒரு பங்கு ஏழை எளியவங்களுக்குச் சகாத். இருபத்தெட்டாயிரம் வருகிது. காசு தேமாமீற்றர் பெட்டிக்குள்ள ரெடியா இரிக்கி."

எனக்குத் தலை சுற்றியது நோன்பினால் அல்ல. பெட்டி அவளுக்கு எப்படித் தெரியும்? பெட்டியில் இருந்ததும் கணக்கில் வந்ததும் ஒரே தொகையாக எப்படி ஒட்டியது? எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

மௌலவி நல்ல மனிதர், அவசரப்படவில்லை. "காக்கா, காசெல்லாம் செம்புதானே? செம்புக்காசு சும்மா வெச்சிரிந்தா சகாத் இல்ல. விக்கிறத்துக்கு வெச்சிரிந்தா வியாபாரப் பொருள், பெறுமதிக்குக் குடுக்கோணும். ஒங்கட நிய்யத் என்ன? விக்கவா, வெச்சிரிக்கவா?"

என் நிலைமையை யோசித்துப் பார், மச்சான். விற்க என்றால் பெட்டிக் காசு சகாத்துக்குப் போய்விடும், சேது போயிற்று, அதோடு "அப்ப வித்துட்டு வாங்க" என்பாள், விற்கப் போனால் றெமிஜியஸ் அறுநூறு தருவார். வைத்திருக்க என்றால் சகாத் இல்லை, ஆனால் பஸ்மிலாவின் கொங்கிறீட்டுக்கு நான் சொன்னதெல்லாம் பொய். நோன்பு வாயோடு மௌலவியின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"வெச்சிரிக்கத்தான் மௌலவி" என்றேன். "விக்கிற நிய்யத் ஒருநாளும் இருக்கல்ல. பெறுமதி நான் கூட்டிச் சொன்ன. விலை குறைச்சிச் சொன்ன."

"அப்ப சகாத் இல்ல" என்று மௌலவி எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "ஆனா தவ்பா இரிக்கி, காக்கா. அல்லாஹ்ட்ட மன்னிப்புக் கேளுங்க" என்றார்.

றாஹிலா உள்ளே போய் தேமாமீற்றர் பெட்டியை எடுத்துவந்து, "இது சீமெந்துக்கு" என்றாள். பஸ்மிலாதான் மெல்ல, "வாப்பா, அப்ப அந்த மாட்டுக்காசி?" என்று கேட்டாள். தன் வீடு என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை மச்சான், என் மாட்டைத்தான் கேட்டாள். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் உரிக்கும் சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன். கஞ்சிக்கு ஏற்கெனவே வெங்காயம் போட்டாயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே, உன்னைச் சாட்சி வைத்துச் சொல்கிறேன், இத்தோடு நான் பழங்காசு சேர்ப்பதை விட்டுவிட்டேன். முற்றாக. உன் பட்ஜெட்டைக் கிழித்துப் போடு. டோஹா சந்தையில் எனக்காக ஏதாவது பார்த்து வைத்திருந்தால் பார்க்காதது போல் நடந்து போ. றெமிஜியசின் நம்பரையும் அழித்துவிட்டேன், அது மனப்பாடம் என்பது வேறு விஷயம். உன் சகோதரியிடம் போனில் கதைக்கும்போது, கலந்தர் மச்சான் திருந்திவிட்டார் என்று இரண்டு வார்த்தை எடுத்துவிடு. நான் சொன்னால் அதிலும் ஒரு பூச்சியத்தைக் கழித்துத்தான் நம்புவாள்.

உன் தொழிலிலும் உடம்பிலும் அல்லாஹ் பறக்கத்தைச் சொரிவானாக. குளிரூட்டியின் நேர் கீழே படுக்காதே. பஸ்மிலா உனக்கு ஸலாம் சொல்கிறாள்.

இப்படிக்கு,
சகல நாணயங்களையும் துறந்த
உன் மச்சான்
கலந்தர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் றெமிஜியஸ் போன் எடுத்தார். "சேர், மெடத்த இனி கடைப்பக்கம் அனுப்பாதீங்க. பதினாலாயிரத்த மேசையில வெச்சிட்டு, ரெண்டு மணித்தியாலம் கதிரையில இருந்தா. எனக்கு வேற வியாபாரம் இல்ல. குடுத்திட்டன்" என்று அழாக்குறையாகச் சொன்னார். பின்னாலேயே முச்சக்கரவண்டியில் றாஹிலா வந்து இறங்கினாள். மிச்சப் பதினாலாயிரத்துக்கு ஏழு பை சீமெந்து, அதன் மேல் அவள், அவள் கையில் ஒரு மாத்திரை உறை. உறைக்குள் என் மாடு! "எவ்வளவு குடுத்த?" என்று கேட்டேன். முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "ஆயிரத்தி நானூறு" என்றாள். "எவ்வளவு பெறும்?" என்றேன். "ஒரு லெச்சத்தி நாப்பதாயிரம்" என்றாள். பஸ்மிலா சிரித்துச் சிரித்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். இனி விலை பேசுவது றாஹிலாவாம், நான் வாய் திறக்கக்கூடாதாம். ஆகவே மேலே எழுதிய சத்தியத்தைக் கணக்கில் எடுக்காதே, பட்ஜெட்டைக் கிழிக்காதே, சந்தைப் பக்கம் போனால் நன்றாகப் பார்த்து நட. மாத்திரை உறையின் மேல் உன் சகோதரி தன் கையால் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "பார்ப்பதற்கு மட்டும். நாளுக்கு ஒரு தடவை. நோன்பு திறந்த பிறகு."