ரிவர்ஸ் அண்ணனும் முதுகில் இருந்த ஜிப்பும்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜாக்கெட்டைத் திருப்பிப் போடாத மோட்டார்சைக்கிள்காரரைப் பார்ப்பது அபூர்வம். கைகளை முன்பக்கமாக நுழைத்து, ஜிப் முதுகில் திறந்து கிடக்க, காற்றும் புழுதியும் நெஞ்சில் அடிக்காமல் பறப்பார்கள். வண்டியை நிறுத்தியதும் கழற்றிச் சுருட்டிக் கூடைக்குள் போடுவார்கள். வண்டியை நிறுத்திய பிறகும் கழற்றாமல், முதுகு ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துப் பூட்டிக்கொண்டு நாள் முழுக்க நடமாடிய மனிதர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயார் செய்வது எங்கள் தொழில். நான் பத்திரம் அடிப்பேன். அவர் அதை மோட்டாரில் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார். டெஸ்பேட்ச் என்பார்கள் அந்த வேலையை. அவருடைய சொந்தப் பெயர் விடுப்பு விண்ணப்பத்தில் இருந்தது, வேறெங்கும் புழக்கத்தில் இல்லை. எல்லோருக்கும் ரிவர்ஸ் அண்ணன்.

முதுகில் இருக்கும் ஜிப்பைத் தானே எப்படிப் பூட்டுவார் என்று கேட்பீர்கள். அதற்கு அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். ஜிப்பின் முனையில் சிவப்பு ராஃபியா கயிறு கட்டியிருப்பார். தோளுக்கு மேலே கையை விட்டு ஒரே இழுப்பு. "சர்ர்ர்" என்று சத்தம் கேட்டால் அண்ணன் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

காரணம் கேட்டால், "காத்து பிடிச்சுக்கும் தம்பி" என்பார். ஆணி அடித்த ஜன்னல்கள், பழுதான ஏர்கான், கீழே கடையில் கொதிக்கும் சாம்பார். அந்த அறைக்குள் காற்று வந்து யாரையாவது பிடித்திருந்தால் நாங்கள் மாலை போட்டு வரவேற்றிருப்போம். முருகனுக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்றார் ரிசப்ஷன் அக்கா. நெஞ்சில் பழைய காதலியின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார் என்று நான் சொல்லி வைத்தேன். என்னுடையதுதான் அதிகம் பரவியது.

ஒருநாள் பத்திரம் கொடுக்கப் போன ஒரு பெரிய கட்டடத்தில் பாதுகாவலர் அவரை மடக்கி, அண்ணே, ஜாக்கெட்டைக் கழற்றுங்கள் என்று மலாயில் சொன்னார்.

"பாங், புக்கா ஜாக்கெட்."

"தா போலே, பாங்."

முடியாது என்றதும் பாதுகாவலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஜாக்கெட்டுக்குள் என்ன என்று கேட்டார். அண்ணன் பதறிப்போய், "பாராங் சென்டிரி, பாங்! பாராங் சென்டிரி!" என்றிருக்கிறார். சொந்தச் சாமான் என்று ஒருவர் வியர்த்துக்கொண்டே சொன்னால் எந்தக் காவலர் விடுவார்? மேலும் இரண்டு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தகவல் வந்ததும் நான் அலுவலகத்திலிருந்து ஓடிப்போய், இவர் நல்லவர், இவருக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது என்று மலாயில் சத்தியம் செய்தேன். கடைசியில் பத்திரத்தைப் பாதுகாவலரே லிஃப்டில் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். அண்ணன் ஜிப்பை இன்னும் ஓர் அங்குலம் மேலே இழுத்துக்கொண்டார்.

உண்மை எனக்குத் தெரியவந்தது ஒரு நடுப்பகலில். துறைமுகத்திலிருந்து வந்தவர் பாதிப் படியிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி, மூச்சு வாங்கியது. நான் ஸ்டோர் ரூமுக்குள் தாங்கிக் கொண்டுபோய், பின்னால் போய் நின்று, கயிற்றைப் பிடித்து ஜிப்பைக் கீழே இறக்கினேன். உள்ளே கறுப்பு நிறத்தில் ஒரு பனியன். பனியன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். லோரி டயரை மனிதனுக்கு மாட்டியது போல இருந்தது. இணையத்தில் வாங்கிய இறுக்குப் பனியன், அதுவும் வேண்டுமென்றே இரண்டு அளவு சின்னது. அதை இருவரும் சேர்ந்து இழுத்துக் கழற்றியதும் அண்ணன் மூச்சை இழுத்தார். அப்போதுதான் பார்த்தேன்.

வயிறு தட்டையாக இருந்தது. கைகள் ஒல்லி. நெஞ்சில் மட்டும் இரண்டு மார்புகள், பெண்களுக்கு இருப்பது போலவே, தளர்ந்து சரிந்திருந்தன. பச்சையும் இல்லை, காதலியும் இல்லை.

"சிரிச்சிரு தம்பி. அடக்கி வைக்காத, அப்புறம் படியில போய் சிரிப்ப" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சை குத்திய கதையைக் கட்டிவிட்ட வாய் என்னுடையது. வெட்கமாக இருந்தது.

அன்றைக்குக் கதை முழுவதும் வந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வருவதற்கு முன்னால் அண்ணன் நூற்று முப்பத்தெட்டு கிலோ. சர்க்கரை ஏறி மருத்துவமனையில் படுத்து எழுந்தவர், ரொட்டி சானாயையும் இனிப்பான தே தாரேக் டீயையும் ஒரே நாளில் விட்டார். ஞாயிறுதோறும் பத்துமலைக் கோயில் படிகளை மூன்று தரம் ஏறி இறங்கினார். இரண்டே வருடத்தில் எண்பத்தொன்றுக்கு வந்துவிட்டார்.

"எல்லாம் போச்சு தம்பி. தொப்பை போச்சு, தாடை போச்சு, சர்க்கரையும் அடங்கிருச்சு. இது ரெண்டும் மட்டும் காலி பண்ண மாட்டேங்குதுலா, பழைய வாடகைக்காரங்க மாதிரி. குண்டா இருந்தப்ப யாருக்கும் தெரியல. எல்லாம் ஒரே உடம்பா இருந்துச்சு. இளைச்சதும் இது தனியா நிக்குது."

ஸ்டோர் ரூமில் தினமும் தண்டால் எடுத்துப் பார்த்திருக்கிறார். அந்தச் சத்தத்தை எலி என்று நினைத்து நாங்கள் அங்கே இரண்டு பொறி வைத்திருந்தோம்.

அடுத்த வாரமே நான் அவரைத் தரதரவென்று ஒரு கிளினிக்குக்கு இழுத்துப்போனேன். டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மையார். அண்ணன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "எனக்கில்ல டாக்டர். என் கூட்டாளி ஒருத்தனுக்கு" என்று ஆரம்பித்தார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சரி. அந்தக் கூட்டாளி ஜாக்கெட்ட கழட்டுனாத்தான் நான் பார்க்க முடியும்."

கூட்டாளி கழற்றினார். டாக்டர் தொட்டுப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த பிறகு நிதானமாக விளக்கினார். கட்டி எதுவும் இல்லை, ஹார்மோன் சரியாக இருக்கிறது. கொழுப்பு கரைந்துவிட்டது, உள்ளே இருக்கும் சுரப்பித் திசுவும் நீண்டுபோன தோலும்தான் நிற்கின்றன. தண்டால் எடுத்தால் போகாது. "நிறைய ஆம்பளைங்களுக்கு இருக்கு. உங்கள மாதிரி எல்லாரும் மூடிக்கிட்டுத் திரியறதால ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியல. வேணும்னா ஆபரேஷன் பண்ணலாம், வேணாம்னா விட்டுடலாம். ரெண்டும் தப்பில்ல. ஆனா அந்தப் பனியனத் தூக்கிப் போடுங்க."

வெளியே வந்த அண்ணன் சாலையோரத்தில் நின்று குதித்தார். "நிறைய பேருக்கு இருக்காம் தம்பி! நிறைய பேரு!" தேர்தலில் ஜெயித்தவர் போல என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு ஜாக்கெட்டைத் திருப்பிப் போட்டு, கயிற்றை இழுத்து, சர்ர்ர் என்று பூட்டிக்கொண்டு மோட்டாரில் ஏறினார்.

அந்தச் சமயத்தில்தான் கல்யாணம் கூடி வந்தது. நாற்பத்தொரு வயதில்! கிள்ளானில் தையல் கடை வைத்திருந்த வாசுகிக்கு அண்ணனைப் பிடித்துப்போனது. அண்ணனுக்கோ தரையில் கால் படவில்லை. துறைமுகத்துக்குப் போகவேண்டிய பத்திரத்தில் 'வாசுகி' என்று கிறுக்கி வைத்து, நான் அதை மறுபடி அடிக்க நேர்ந்தது. தேதி குறித்தார்கள், மண்டபம் பேசினார்கள், பத்திரிகை அடித்தார்கள். அதன் பிறகே அவருக்கு ஒன்று உறைத்தது.

நலங்கு!

மாப்பிள்ளையை வேட்டியோடு வெற்று மார்பாக மணையில் உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து எண்ணெயும் மஞ்சளும் பூசும் நாள். எண்பது பேர் வருவார்கள். எண்பது கைப்பேசிகள் வரும். அண்ணன் என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, கல்யாணமே வேணாம்னு சொல்லிடறேன்."

"பைத்தியமா அண்ணே?"

"இல்லன்னா ரெஜிஸ்டர் மட்டும் பண்ணிக்கலாம். எங்க அக்கா ஒத்துக்காது. அது என்னைத் தூக்கி வளர்த்தது, நலங்கு இல்லாம விடாது. ஆனா அத்தன பேரு முன்னால நான் உட்காரமாட்டேன்லா. செத்தாலும் உட்காரமாட்டேன்."

மறுநாளே வாசுகியிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது. நான் பின்னால் உட்கார்ந்துகொள்ள, கூட்டரசு நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிய வேகத்தில் எனக்கும் காயம் பட்டு உடம்பெல்லாம் மஞ்சள் பூச வேண்டியதாகிவிடும் போலிருந்தது.

கடையில் வாசுகி அளவு நாடாவைக் கழுத்தில் போட்டு, வாயில் குண்டூசிகளோடு துணி வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஜாக்கெட்டோடு போய் நின்று, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு… இந்த நெஞ்சுல…" என்று திணறினார்.

வாசுகி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் குட்டி மெத்தையில் குத்தினார். "பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே தெரியும். இருபது வருஷமா ஆளுங்களுக்கு அளவெடுக்கறேன், ஜாக்கெட்டுக்கு மேலயே தெரியாதா? இங்க பாருங்க."

அலமாரியிலிருந்து ஒரு பட்டு ஜிப்பாவை எடுத்து விரித்தார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போடவேண்டியது. தோளில் சின்னதாக, நெஞ்சில் தாராளமாக, அண்ணனின் உடம்புக்கென்றே வெட்டித் தைத்து முடித்திருந்தார். அண்ணன் அதைக் கையில் வாங்கி, நெஞ்சுப் பக்கத்துத் தையலைத் தடவிப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

"நலங்கு வேணாம்னா எனக்கு ஒண்ணுமில்ல. ரெஜிஸ்டருக்கே வரேன்" என்றார் வாசுகி. "ஆனா எத்தன வருஷத்துக்கு ஜாக்கெட்டோட தூங்குவீங்க? அத மட்டும் யோசிச்சு சொல்லுங்க."

நலங்கு அன்று காலை, கிள்ளானில் அக்கா வீட்டு முன்னால் பந்தல். மேளம், எண்ணெய், அருகம்புல், அரைத்த மஞ்சள், எண்பது பேர், கணக்கில்லாத கைப்பேசிகள். மாப்பிள்ளை வந்தார். இடுப்பில் பட்டு வேட்டி. மேலே ஜாக்கெட், திருப்பிப் போட்டபடி, கழுத்து வரை பூட்டியபடி.

மேளம் நின்றது. அக்கா தட்டோடு வந்து, "டேய், என்னடா இது கோலம்? மழையா பெய்யுது?" என்றார்.

அண்ணன் கூட்டத்தில் என்னைத் தேடினார். தோளுக்கு மேலே கையை விட்டுக் கயிற்றைத் தடவினார், அது இரண்டு தரம் நழுவியது. என் பக்கம் முதுகைத் திருப்பினார்.

"தம்பி, ஜிப்."

இறக்கினேன். அண்ணன் ஜாக்கெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அவர் காதிலும் விழுந்தது. நான் திரும்பி முறைத்தேன்.

அப்போது அக்கா, "ஐயய்யோ!" என்று ஓர் அலறல் போட்டார்.

அண்ணன் இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார்.

"கழுத்தெலும்பு தெரியுதேடா! விலா எண்ண முடியுதே! எப்படி வளர்த்த உடம்பு! சாப்பிடறியா இல்லையாடா நீ?" அக்கா உட்கார்ந்து அழவே ஆரம்பித்துவிட்டார். சுற்றியிருந்த அத்தைகளும் சேர்ந்துகொண்டார்கள். "ஆமா, காத்துல பறந்துருவான்!" "யாராவது உளுந்து வடை எடுத்துட்டு வாங்கலா!"

அண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். பல வருடங்களாகப் பயந்து பயந்து ஒளித்து வைத்ததை யாரும் பொருட்படுத்தவில்லை என்பது அவருக்கு அவமானமாகவே போய்விட்டது. நெஞ்சைத் தானே சுட்டிக் காட்டி, "அக்கா, நல்லா பாரு! இதப் பாரு!" என்றார்.

"பார்த்தேன்டா. நம்ம அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கென்ன இப்ப? வாயத் திற."

வாயில் வடை. கன்னத்தில் மஞ்சள். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. வரிசையாக வந்து பூசினார்கள். கழுத்திலும் நெஞ்சிலும் கைபட்டதும் அண்ணனுக்குக் கூச்சம் தாங்கவில்லை. கெக்கெக்கே என்று சிரித்தார். எலும்பும் தோலும் எல்லாமும் குலுங்கக் குலுங்க, மூடிக்கொள்ளக் கையைக்கூடத் தூக்காமல் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பந்தலில் நாற்காலிகள் நிறைய இருந்தன, மாட்டி வைக்க ஆணிகளும் இருந்தன. ஆனாலும் வியர்வையில் நனைந்து கனத்த அந்த ஜாக்கெட்டை, அண்ணன் எப்போது கேட்டாலும் கொடுக்கலாம் என்று, நலங்கு முடியும் வரை நான் கீழே வைக்கவில்லை. அவர் கேட்கவே இல்லை.