இரட்டை வண்டிக்கு ஓர் இடம்

"எங்க நிக்கிறீங்கள்?" என்று பிரியாந்தினி தொலைபேசியில் கேட்டபோது, அவளுடைய கணவன் யதுர்சன் பிலிமத்தலாவையில் ஒரு குழந்தைச் சாமான் கடைக்குள் நின்று, இரண்டு பிள்ளைகளை ஒன்றாக வைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் ஒன்றைச் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தான்.

"கம்பளையில," என்றான். "ஒரு மதகு பார்க்க வந்தனான்."

"மதகுக்குப் பக்கத்தில என்ன பாட்டுச் சத்தம்?"

கடையில் ஒரு பொம்மை விடாமல் ஆங்கில எழுத்துகளைப் பாடிக்கொண்டிருந்தது. யதுர்சன் அதன் வாயைப் பொத்தினான். அது கைக்குள்ளும் பாடியது.

"பக்கத்தில ஒரு பாலர் பாடசாலை."

"பின்னேரம் நாலு மணிக்கோ?"

"பிள்ளையள் கலைவிழாவுக்குப் பழகினம் போல."

யதுர்சன் நீர்ப்பாசன அலுவலகத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தன். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நண்பர்கள் சொல்வார்கள். அது சரியல்ல. சொல்லத் தெரியும், ஒன்றோடு நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான்.

பிரியாந்தினிக்கு இது எட்டாம் மாதம். பிள்ளை பிறந்து கைக்கு வரும்வரை அதற்கென்று ஒரு துண்டுத் துணிகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்துக்குக் காரணம் இருந்தது. முதல் தடவை அவள் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது, யதுர்சன் ஆசையை அடக்க முடியாமல் ஐந்தாம் மாதமே ஒரு தொட்டில் வாங்கி வந்தான். ஆறாம் மாதம் அந்தப் பிள்ளை தங்கவில்லை. தொட்டிலை யாரோ எடுத்துப் போனார்கள். யாரென்று அவன் இன்றுவரை கேட்கவில்லை.

அடுத்தது நிருஷா. அவளுக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த துவாயில் சுற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நிருஷா கொழுகொழுவென்று வளர்ந்து, இப்போது இரண்டு வயதில், நடக்க நன்றாகத் தெரிந்தும் நடப்பதில்லை என்ற கொள்கையோடு இருக்கிறாள். ஆகவே சட்டம் சரிதான் என்று ஆகிவிட்டது. இந்த முறையும் வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த அன்றே, "ஒண்டும் வாங்கக் கூடாது, சரியோ?" என்றாள் பிரியாந்தினி. யதுர்சன் வேகமாகத் தலையாட்டினான்.

தலையாட்டியவன் இப்படி வந்து நிற்பதற்கும் காரணம் அவள்தான். அவர்கள் இருப்பது அம்பிட்டியவில், ஒரு செங்குத்தான ஒழுங்கையில், மேல்மாடி வாடகை வீட்டில். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் கிளினிக் போய் வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவள், "ரெண்டையும் தூக்கிக்கொண்டு இந்த ஏற்றத்தில நான் எங்க போறது? உள்ளுக்கயே கிடக்க வேண்டியதுதான்," என்று சொல்லி அழுதுவிட்டாள். பிள்ளை பிறந்த பிறகு வாங்கலாம் என்றால், தகப்பன்மாருக்கு அரசாங்கம் தரும் லீவு பிள்ளைக்குப் பெயர் தேடவே காணாது.

"ரெண்டு வகை ஈக்கி சேர்," என்றார் கடைக்காரர் ரிஸ்மி. "ஒண்டு, புள்ளைங்க பக்கத்தில பக்கத்தில இருக்கிறது. மத்தது முன்னுக்கும் பின்னுக்கும். முன்னுக்கும் பின்னுக்குமெண்டா ஒடுக்கம், எந்த கேட்டுக்குள்ளாலயும் போகும். ஆனா பின்னுக்கு ஈக்கிற புள்ளைக்கு முன்னுக்கு ஈக்கிற புள்ளைட மண்டைதான் தெரியும்."

யதுர்சன் யோசித்தான். நிருஷாவைப் பின்னுக்கு வைத்தால், சின்னதின் தலைமயிர் அவள் கைக்கு எட்டும். முன்னுக்கு வைத்தால், பின்னால் என்ன நடக்கிறதென்று திரும்பித் திரும்பியே விழுவாள். பக்கத்தில் வைத்தால் கடிப்பாள்.

"கடிக்கிற பிள்ளைக்கு ஏற்ற வண்டி இல்லையோ?"

"அப்படி இன்னம் வரல்ல சேர்."

"பிரேக் பிடிக்குமோ?"

"மூணு தரம் கேட்டுட்டீங்க சேர்."

நான்காம் தரம் கேட்காமல், பிரேக்கைப் போட்டுவிட்டு யதுர்சன் தன் முழுப் பாரத்தையும் வண்டியில் சாய்த்துப் பார்த்தான். ரிஸ்மி கண்ணை மூடிக்கொண்டார். வண்டி அசையவில்லை. வீட்டு வாசல் படலையின் அகலத்தை அவன் காலையிலேயே, சோம்பல் முறிப்பவன்போல் நின்று சாணால் அளந்திருந்தான். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வண்டி மட்டுமட்டாகப் போகும். தள்ளிக்கொண்டு போகும்போது பிரியாந்தினிக்கு இரண்டு முகமும் ஒரே பார்வையில் தெரியும். வாங்கிவிட்டான்.

"பிள்ளை பிறந்த பிறகு வந்து எடுக்கட்டோ?"

"இங்க வெச்சா வித்துப்போடுவன் சேர். நான் நல்ல மனுசன்தான், ஆனா யாவாரி."

அன்றிலிருந்து யதுர்சனுக்கு நிம்மதி போயிற்று.

முதலில் வண்டியை அலுவலகக் களஞ்சிய அறையில் வைத்தான். அன்று இரவு பிரியாந்தினி, "வயிறு கொஞ்சம் இறுக்கமா இருக்கு," என்றாள். அவள் திரும்பிப் படுத்து நன்றாகத் தூங்கினாள். அவன் விடியும்வரை அவளுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசித்தான். வாங்கியது குற்றமென்றால் திருப்பிக் கொடுத்தால் குற்றம் போகுமா, கூடுமா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் வருடாந்தப் பொருள் கணக்கெடுப்பு தொடங்கியது. பிரதம லிகிதர் கமலாசனி கையில் பதிவேட்டோடு அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உது ஆற்ற வண்டி?"

"என்ர, மிஸ்."

"கணக்கில இல்லையே."

"என்ர எண்டபடியால்தானே கணக்கில இல்லை."

"இருக்கிற சாமான் காணாமல் போனால் ஒரு விளக்கம் எழுதினால் சரி. இல்லாத சாமான் இருந்தால் கொழும்பில இருந்து ஆள் வரும். கணக்கெடுக்கிறவை அதில அரசாங்க இலக்கம் அடிக்க முதல் கொண்டு போம்."

ஒருவன் பெயின்ற் ரின்னோடு ஏற்கனவே களஞ்சியத்துக்குள் போய்க்கொண்டிருந்தான். யதுர்சன் அவனை முந்திக்கொண்டு ஓடி வண்டியை மீட்டான்.

அடுத்த இடம், கட்டுகஸ்தோட்டையில் வாடகை அறையில் இருக்கும் நண்பன் திலீபன். கலியாணமாகாதவன். "வையடா, எனக்கென்ன?" என்றான். அவனுக்கு என்ன என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது.

"மச்சான், நீ உடனே ஒருக்கால் சோதிலிங்கம் மாஸ்டரிட்டப் போகோணும்," என்று அழாக்குறையாகத் தொலைபேசியில் சொன்னான். "எனக்குப் பேசுற பொம்பிளையின்ர தாய்மாமன். சொல்லாமல் கொள்ளாமல் என்னைப் பார்க்க வந்தவர். வண்டியைத்தான் பார்த்தவர். தேத்தண்ணி குடிக்காமல் போயிட்டார்."

யதுர்சன் போனான். சோதிலிங்கம் மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பிரியாந்தினி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில்தான் முன்பு படிப்பித்தவர். அதை அவர் சொன்னதுமே யதுர்சன் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"அது என்ர வண்டி, மாஸ்டர். திலீபன் பாவம்."

"அப்ப ஏன் உம்மட வீட்டில இல்லை?"

"மனிசிக்குத் தெரியக் கூடாது."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கு எத்தினை பிள்ளையள்?"

"ஒண்டு."

"அது ரெண்டு பிள்ளை இருக்கிற வண்டி."

"மற்றது இன்னும் பிறக்கேல்ல, மாஸ்டர்."

"மனிசிக்குத் தெரியாமல் பிறக்கப் போகுதோ?"

திலீபனைக் காப்பாற்ற வந்த இடத்தில், தனக்கு இன்னொரு குடும்பம் முளைப்பதை யதுர்சன் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் தொட்டில் கதையைச் சொன்னான். அவன் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத கதை அது. மாஸ்டர் கண்ணாடியை மாட்டினார், கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"சரி தம்பி, விளங்குது. பிரியாந்தினி ரீச்சரைக் கண்டால் நான் ஒரு வாழ்த்து மட்டும் சொல்லுறன்."

"ஐயோ மாஸ்டர், வாழ்த்தாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"அப்ப இண்டைக்கே அதை அங்கயிருந்து எடும். பொம்பிளையின்ர தாய் நாளைக்கு யாழ்ப்பாணத்தில இருந்து வாறா. அவவுக்கு நான் இவ்வளவு கதையும் சொல்லிக்கொண்டு இருக்கேலாது."

மாலையில் மழை பிடித்துக்கொண்டது. யதுர்சன் ஓட்டோவில் ஏறி, மடித்த வண்டியை மடியில் அணைத்தபடி வீட்டை நோக்கிப் புறப்பட்டான். இனி ஒரே ஓர் இடம்தான் மிச்சம். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரி பாயிஸா ராத்தா, அவர்கள் வழக்கில் அக்கா. பிரியாந்தினியின் காலடிக்குக் கீழேயே கொண்டுபோய் ஒளிப்பது பைத்தியக்காரத்தனம் என்றுதான் இவ்வளவு நாளும் அந்தப் பக்கம் நினைக்கவில்லை.

ஓட்டோ குளத்தைச் சுற்றி வரும்போது தொலைபேசி அடித்தது.

"எங்க நிக்கிறீங்கள்? கெதியா வாங்கோ," என்றாள் பிரியாந்தினி. பிறகு ஏதோ விழும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

திருப்பி எடுத்தான். அடிக்கவில்லை. இன்னொரு தரம், இன்னொரு தரம். மடியில் இருந்த வண்டி திடீரென்று அந்தப் பழைய தொட்டிலின் பாரமாய்க் கனத்தது. எல்லாம் என்னால்தான் என்று நினைத்தான். இதைக் குளத்துக்குள் எறிந்துவிட்டால் சரியாகிவிடுமா என்று நினைத்தான். எறிய நேரமில்லை என்று நினைத்தான். "கெதியாப் போங்கோ" என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லி ஓட்டோக்காரரைத் தலைசுற்ற வைத்தான்.

வீட்டுக்கு முன்னால் இறங்கி, வண்டியைப் படிக்குக் கீழே எறியாத குறையாக வைத்துவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி மேலே ஓடினான்.

பிரியாந்தினி கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"காஸ் முடிஞ்சுது," என்றாள். "சொல்ல முதல் உங்கட மகள் போனைப் பறிச்சுத் தண்ணி வாளிக்குள்ள போட்டிட்டாள்."

யதுர்சன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவள் எழுந்து வந்து அவனுடைய நெற்றியைத் தொட்டாள்.

"என்ன இப்பிடி வெளிறிப்போய் நிக்கிறீங்கள்? எனக்கு ஒண்டுமில்லை. இருங்கோ. முதல்ல தண்ணி குடியுங்கோ."

குடித்தான். பாதி சட்டையில் சிந்தியது.

"கீழ ராத்தாவிட்டச் சின்னச் சிலிண்டர் ஒண்டு இருக்கு. நான் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்," என்றாள் பிரியாந்தினி.

யதுர்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி படிக்குக் கீழேதான் நிற்கிறது. "நீங்கள் இருங்கோ. நான் போறன்."

"வேண்டாம், வேண்டாம். நான்தான் போகோணும்." அவளும் அவசரமாகக் கதவுப் பக்கம் வந்தாள். "உங்களுக்கு அவவின்ர வீட்டில எது எங்க இருக்கெண்டு தெரியாது."

"இந்த வயித்தோட ஈரப் படியில இறங்கப் போறீங்களோ?"

"இவ்வளவு நாளும் இறங்கேல்லையோ?"

கதவு நிலையில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். நடுவில் நிருஷா வந்து யதுர்சனின் முழங்காலைக் கடித்தாள். மகளைத் தூக்கித் தாயின் கையில் கொடுத்துவிட்டு அவன் கீழே பாய்ந்தான்.

பாயிஸா ராத்தா பாதிக் கதவைத்தான் திறந்தார். அவனைப் பார்த்தார், பிறகு நனைந்த வண்டியைப் பார்த்தார். பார்த்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"என்னத்த தம்பி இது?"

"பிள்ளை வண்டி, ராத்தா. ரெண்டு பிள்ளைக்கும் சேர்த்து. பிறக்கும்வரைக்கும் உங்கட வீட்டுக்குள்ள வைக்கட்டோ?"

"உள் ரூம்ல எடமில்லயே தம்பி."

"ஒரு மூலை காணும்."

"மூலையும் இல்ல."

"ஒரு மாசம்தான், ராத்தா. இதைக் கொண்டு நான் படாத பாடு பட்டிட்டன். வேற இடமில்லை." அவன் மேலே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பிரியாந்தினி கண்டால் பயந்துபோயிடுவா. அவவுக்கு இப்ப பயம் ஒண்டும் வரக் கூடாது. நான் ஆசையில வாங்கிப்போட்டன்."

ராத்தாவுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, கண் மட்டும் நிறைந்திருந்தது. கதவை முழுதாகத் திறந்துவிட்டு வழிவிட்டார்.

"தம்பி, 'அவர் கண்டா பயந்துருவார், காட்டிராதீங்க ராத்தா'ண்டு சொல்லி, உங்கட வைஃப் போன மாசம் கொண்டு வந்து ஒளிச்சு வெச்ச ரெட்டை வண்டி உள்ளுக்கு ஈக்கிது, இத நான் எங்கண்டு வெக்க?"