பிளான் அண்ணையின் பெரிய வட்டம்

ஒன்ராறியோவின் வடக்கில் உள்ள கரடிகள் எல்லாவற்றுக்கும் பிளான் அண்ணையைத் தெரிந்திருக்கும். அவருக்குத்தான் ஒரு கரடியையும் தெரியாது. எந்த ஏரிக்கரையில் கூடாரம் போடலாம், எந்த வளைவில் மூஸ் மான் குறுக்கே வரும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் மிளகாய்த்தூள் கேட்டால் முறைக்க மாட்டார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் போன கோடை வரைக்கும் அவர் வடக்கே போன ஆகக் கூடிய தூரம் எங்களுக்குப் பக்கத்து நகரமான மார்க்கம். அதுவும் ஒரு கலியாண வீட்டுக்கு.

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் எங்களுக்கு நேர் கீழ் வீடு அவருடையது. சொந்தப் பெயர் கடவுச்சீட்டில் இருக்கலாம், வேறெங்கும் இல்லை. என் அப்பாவுக்கும் அவர் அண்ணை, எனக்கும் அண்ணை, தள்ளுவண்டியில் வரும் குழந்தைக்கும் அண்ணை. தனியாள். "எல்லாத்துக்கும் பிளான் போட்டனான், கலியாணத்துக்குப் போட மறந்திட்டன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

வேலை மிசிசாகா பக்கத்தில். காரை நிறுத்திவிட்டு விமானம் ஏறப் போகிறவர்களைச் சின்ன பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் விமான நிலையத்தில் இறக்குவார். திரும்பி வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்து அவர்களுடைய காருக்குப் பக்கத்தில் இறக்குவார். விடிந்தால் பொழுதுபட்டால் அதே வட்டம். உலகத்தையே சுற்றப் போகிறவர்களை நடுவில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தைச் சுற்றிய மனிதர், வீட்டுக்கு வந்ததும் சுவரில் இருந்த பெரிய வரைபடத்தின் முன் நின்று மற்றவர்களை நெடுஞ்சாலைகளில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கட்டடத்தில் யார் விடுமுறைக்குப் புறப்பட்டாலும் வழி போட்டுக் கொடுப்பவர் அவர்தான். அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவும் மாட்டார். ஒருமுறை முதலாம் மாடிக் குடும்பம் ஒன்று நடுக்காட்டில் பெற்றோல் அடிக்க இறங்கியபோது, கடைக்காரப் பெண் ரிசீவரை நீட்டி, "உங்களுக்குத்தான்" என்றாளாம். மறுமுனையில் பிளான் அண்ணை.

"நீங்கள் போன் எடுக்கேல்லை. அதுதான் கடைக்கு அடிச்சனான். சாப்பிட்டியளோ? சின்னவன் காருக்குள்ள சத்தி எடுத்தவனோ?"

இப்படிப்பட்டவரிடம் நான் போய் மாட்டியது அப்பாவால்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் இடம்பெயர்வுகளுக்கு நடுவே பாதியில் நின்றுபோனது. அதனால் என் பட்டமளிப்புப் படத்தை வீட்டில் சுவாமிப் படங்களின் வரிசையிலேயே மாட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி காட்டும்போது முருகனுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு சுற்றுக் கிடைக்கும்.

படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, முதல் விடுமுறையும் கிடைத்தபோது நாங்கள் மூன்று பேர் ஒரு முடிவுக்கு வந்தோம். மதுஷா இங்கே பிறந்தவள், என் பள்ளித் தோழி. பிரியா கோயம்புத்தூரிலிருந்து வந்து என் அலுவலகத்தில் வேலை செய்பவள். ஒரு கிழமை விடுமுறை, ஒரு வான் வண்டி, வடக்குக் காடு. எங்களுக்கு வேண்டியிருந்தது நீர்வீழ்ச்சியும் அல்ல, கரடியும் அல்ல. "சாப்பிட்டியோ" என்று யாரும் கேட்காத ஓர் இடம். அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னதும் அப்பா தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"நீ படிச்ச பிள்ளைதான். ஆனா கரடிக்கு டிகிரி தெரியாதே."

"அப்பா, நாங்கள் என்ன சின்னப் பிள்ளையளே?"

"இல்லை. அதுதான் பயம். பிளான் அண்ணை சரி எண்டு சொன்னால் போ. இல்லாட்டி நயாகராவுக்குப் போய்த் தண்ணியைப் பாத்திட்டுப் பின்னேரம் வீட்டை வா."

மூவரும் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினோம். விஷயத்தைச் சொன்னதும் பிளான் அண்ணை உள்ளே போனார். சாரமும் பெனியனுமாகப் போனவர், சாரமும் பெனியனும் கம்பளித் தொப்பியுமாகத் திரும்பி வந்தார். வடக்கைப் பற்றிக் கதைக்கும்போது அவர் தொப்பி போட்டுக்கொள்வார். அது யூலை மாதம்.

"பெரிய வட்டம்!" என்றார். விரல் வரைபடத்தில் ஏறியது. சட்பரி, சூப்பீரியர் ஏரிக்கரை, வாவா, தண்டர் பே, அங்கிருந்து மேலே காடுகளுக்குள்ளால் கப்பஸ்கேசிங், பிறகு நோர்த் பே, வீடு. எத்தனையோ வருடமாக அதே பாதையில் அந்த விரல் போயிருந்ததால் கரையோரம் நிறம் உரிந்து, சூப்பீரியர் ஏரி உண்மையைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வாழ்க்கை அவர் கையில். முதலில் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை. கூடாரத்தைக் கட்டு, அவிழ், மழை வருகிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி கட்டு. அடுத்தது கரடி ஒத்திகை. கரடி, பிளான் அண்ணையேதான். கறுப்பு விண்டர் ஜக்கெற்றை மாட்டி, தலையை மூடி, இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து நாலு காலில் வந்தார்.

"ஓடாதேங்கோ! கையைத் தூக்கிப் பெரிசா நில்லுங்கோ! சத்தம் போடுங்கோ!" என்று கரடியே கட்டளை இட்டது.

நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு நின்றோம். ஒத்திகை பற்றித் தெரியாத நாலாம் மாடி அன்ரி ஒருவர் அப்போதுதான் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். மூன்று பெண் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டு அலறுவதையும், கறுப்பாக ஏதோ அவர்களை நோக்கித் தவழ்வதையும் கண்டார். ஐஸில் இறுகிய அறக்குளா மீன் பையால் அதன் முதுகில் ஓங்கி ஒரு போடு போட்டார்.

"ஐயோ, நான் பிளான் அண்ணை!"

"உங்களுக்கு விசரே அண்ணை? இந்த வயசில தவழுறியள்!"

முதுகைத் தடவியபடி அவர் எழுந்து எங்களைப் பார்த்தார். "பாத்தியளோ? அன்ரி செய்தது சரி. நீங்கள் மூண்டு பேரும் பெயில்."

பிறகு சாப்பாட்டுச் சோதனை. அம்மா கட்டித் தந்த பெட்டியைத் திறந்து முகர்ந்தவர் கருவாட்டுப் பொட்டலத்தை இரண்டு விரலால் வெளியே எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "தங்கச்சி, உது காட்டுக்கு ஏலாது. உந்த மணத்துக்குக் கரடி மட்டும் வராது. கரடியின்ர சகலனும் வருவான்." அம்மாவுக்குக் கோபம். கருவாடு அன்றிரவு கீழ் வீட்டில் பொரிந்த மணம் மேலே வந்ததும் கோபம் இரட்டிப்பானது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாமல் போனது அவர் நாள்வாரியாகத் திட்டத்தை வாசித்தபோதுதான்.

"முதல் நாள் மத்தியானம் சட்பரியில சாந்தி அன்ரி வீட்டை சோறு. அடுத்த நாள் வாவாவில பெற்றோல் ஸ்டேசன் வச்சிருக்கிற மோகன் அங்கிள் வீட்டை இடியப்பம். ஊரின்ர பேரே வாவா, போகாமல் விடலாமோ? தண்டர் பேயில ஒரு நேர்ஸ் பிள்ளை, இரவுக்குப் புட்டு. கப்பஸ்கேசிங்கில..."

"இவையெல்லாம் ஆர், அண்ணை?"

"எங்கட சனம்தான். என்ர பஸ்ஸில ஏறினவை."

விமானம் ஏற வந்தவர்களில் தமிழ் முகம் ஒன்றைக் கண்டால் அவர் கேட்கும் கேள்வி, "நீங்கள் எவடம்?" விமான நிலையம் போய்ச் சேரும் முன் ஊர், சொந்தபந்தம், தொலைபேசி எண் எல்லாம் அவர் கையில். அப்படிச் சேர்ந்தவர்கள் வடக்கு முழுவதும் இருந்தார்கள். நாங்கள் வருகிறோம் என்று எல்லோருக்கும் சொல்லியும் விட்டார். ஊரைக் கடந்து போகிறவர்கள் வீட்டில் கை நனைக்காமல் போனால் அது அவமரியாதை அல்லவா? ஒரு வீட்டில் சாப்பிட்டு இன்னொரு வீட்டில் சாப்பிடாமல் போனால் அது பகை அல்லவா?

பிரியா மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, எல்லாம் சரிங்க. நாம காட்டுக்கு எப்பங்க போறோம்?"

பிளான் அண்ணை வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கும் பின்னேரத் தேத்தண்ணிக்கும் இடையில கொஞ்ச நேரம் கிடக்கு."

"லிட்டரலி, இது றோட் ட்ரிப் இல்லை," என்றாள் மதுஷா லிஃப்டில் ஏறியதும். "இது பந்தி. ஒவ்வொரு டவுனிலயும் ஒரு பந்தி. டூ சம்திங்!"

செய்தேன். அவசரத்துக்கு என்று அவர் தந்த எண்கள் என்னிடம் இருந்தன. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, மரியாதையாக, வரவில்லை என்று சொல்லிவிடுவது. முதல் அழைப்பு சட்பரி.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. எங்களுக்கு நேரம் காணாது..."

"அதுக்கென்ன பிள்ளை! நீங்கள் காடு பாக்கவெல்லோ வாறியள்," என்றார் சாந்தி அன்ரி. எனக்கு மூச்சு வந்தது. "அவர் வாறாரோ?"

"ஆர் அன்ரி?"

"பிளான் அண்ணை. ஒவ்வொரு கோடைக்கும் இந்த முறை வாறன் எண்டுவார். நானும் ஒவ்வொரு முறையும் ஒரு ஆளுக்குக் கூடப் போட்டுச் சமைப்பன்."

"நீங்கள் அவரைக் கண்டிருக்கிறியளோ?"

"ஒருக்கா. பஸ்ஸில. அம்மா மோசம் போய், செத்தவீட்டுக்கு நான் அவசரமா ஊருக்குப் போறன், அழுதுகொண்டு ஏறினனான். இறங்கேக்க டிரைவர் சீற்றில இருந்தபடியே நம்பர் வாங்கினார். அண்டைக்குத் துவங்கினவர். இஞ்ச பனி கொட்டினால் எடுப்பார், கரண்ட் போனால் எடுப்பார். முதல் கேள்வி, சாப்பிட்டியளோ எண்டுதான். இந்தக் குளிருக்குள்ள வேற ஆர் பிள்ளை எங்களைக் கேக்கிறது?"

அடுத்து வாவாவுக்கு எடுத்தேன். நான் பெயரைச் சொல்லி முடிக்கும் முன் மோகன் அங்கிள் கேட்டார். "பிளான் அண்ணையும் வாறாரெல்லோ?" மற்ற எண்களை நான் கூப்பிடவில்லை.

அவரையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று மதுஷாவிடம் சொன்னபோது, "சீரியஸ்லி? கேர்ள்ஸ் ட்ரிப்!" என்று தலையணையில் முகத்தைப் புதைத்தாள். எனக்கும் அதே கவலைதான். பள்ளிக்கூட நாளிலிருந்து நானும் அவளும் கனவு கண்ட பயணம் அது. பிரியாதான் சொன்னாள்: "வரட்டும்ப்பா. கரடி வந்தா அது பாஷை தெரிஞ்சவங்க ஒருத்தராவது வேணும்ல."

கீழே போனேன். அப்பாவும் கூட வந்தார்.

"அண்ணை, வானில ஒரு சீற் சும்மா கிடக்கு. வாங்கோவன்."

பிளான் அண்ணை தொப்பியைக் கழற்றினார். வடக்கைப் பற்றிய பேச்சில் அவர் தொப்பியைக் கழற்றியதை அன்றைக்குத்தான் கண்டேன். "சும்மா இரு பிள்ளை. நான் வந்தால் இஞ்ச போன் ஆர் எடுக்கிறது? ஆரும் வழியில மாட்டுப்பட்டால்? இது கொன்ட்ரோல் றூம் எல்லோ."

"உங்களுக்குப் போக விருப்பமில்லையோ?"

அவர் திரும்பி, வரைபடத்தில் உரிந்திருந்த இடத்தை நகத்தால் இன்னும் கொஞ்சம் உரித்தார்.

"போன் நான் எடுக்கிறன், அண்ணை," என்றார் அப்பா.

"நீரோ? சட்பரி எங்க இருக்கெண்டு தெரியுமோ உமக்கு?"

"மேல எண்டு தெரியும்."

"மேல எண்டால் போதுமே ஐசே!" என்று அதட்டினார். அப்பாவைக் கதிரையில் இருத்தி ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். நான் மேலே வந்து சாந்தி அன்ரியைக் கூப்பிட்டேன். "அன்ரி, வாறார். ஆனா வீட்டை வேண்டாம். சோத்துப் பானையோட ஏரிக்கரைக்கு வாங்கோ. எங்களுக்குக் காடும் வேணும், உங்களுக்கு அவரும் வேணும்." எல்லா ஊருக்கும் அதே ஏற்பாடு.

புறப்படும் காலையில் வானின் நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து நசித்தோம். முன் சீற்றில் தொப்பியுடன் பிளான் அண்ணை. வான் அசைந்ததும் பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "எல்லாரும் பாஸ்போர்ட் வச்சிருக்கிறியளோ?"

மார்க்கம் எல்லையைத் தாண்டியதும் யன்னல் பக்கம் திரும்பியவர், பாறைகளும் மரங்களும் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. அப்பாதான் போனில் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சட்பரி வந்திட்டுதோ? சாப்பிட்டியளோ?" கொன்ட்ரோல் றூம் அவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

சட்பரி ஏரிக்கரையில் சாந்தி அன்ரி பானையோடு காத்து நின்றார். பிளான் அண்ணை இறங்கியதும் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் இவ்வளவு கட்டையோ அண்ணை? போனில நல்ல உயரமா இருந்தியள்!" பிறகு சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்தார், பிறகு அவருக்கு மட்டும் மூன்று தரம் சோறு போட்டார்.

அடுத்த நாள் வாவாவுக்குக் கொஞ்சம் முன்னால், சூப்பீரியர் ஏரி முதன்முதலாக முழுதாகத் தெரிந்த இடத்தில் வானை நிறுத்தினேன். மறுகரை இல்லை. கடல் போலத் தண்ணீர், பின்னால் காடு, வேறு ஒரு மனிதரும் இல்லை. பிளான் அண்ணை கரைக்குப் போய் நின்றார்.

"பிள்ளை," என்றார் திரும்பாமல். "சுவரில கிடக்கிற மப்பில நான் விரலால தேய்ச்சது காணாது."

போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. கொஞ்ச நேரம் அதை மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தார், பிறகு பொக்கற்றுக்குள் போட்டார். கூப்பிட யாரும் இல்லை, அவரைக் கூப்பிடவும் யாராலும் முடியாது. மதுஷாவும் பிரியாவும் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தேடி வந்த இடம் அதுவேதான், யாரும் எதுவும் கேட்காத இடம்.

நான் சாந்தி அன்ரி கட்டித் தந்த பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணை, சாப்பிட்டியளோ?"